எந்த வாழவந்தி?

சென்னிமலைக் கவுண்டர் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதலில் பெயரைக் கேட்க மாட்டார், நாட்டைத்தான் கேட்பார். கொங்குச் சீமையைப் பழைய காலத்தில் நாடு நாடாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அந்தப் பிரிவினை அரசாங்கத்துக்கு மறந்துவிட்டாலும் அவருக்கு மறக்கவில்லை. "எந்த நாடுங்க?" என்பார். பதில் வந்ததும் கண்ணை மூடி ஒரு கணம் யோசிப்பார். கண்ணைத் திறக்கும்போது எதிரில் இருப்பவரின் குலக்கோயில், கொள்வினை, கொடுப்பினை எல்லாம் விளங்கிவிட்டது போல ஒரு புன்னகை இருக்கும்.

நாமக்கல்லில் அவர் செயலாளராக இருந்த மகளிர் கல்லூரிக்கு, ஆய்வு உதவியாளர் வேலைக்கான நேர்முகத்துக்கு ஆத்தாயி வந்தபோதும் அதையேதான் கேட்டார்.

"வாழவந்தி நாடுங்க" என்றாள் ஆத்தாயி.

"அட, நம்ம மோகனூர்ப் பக்கம்! அப்பன் பேரென்ன அம்மிணி?"

"சடையக் கவுண்டருங்க."

கண்ணை மூடினார், திறந்தார், புன்னகைத்தார். "பேரே சொல்லுதே நம்ம பொண்ணுன்னு. மெட்ராஸ்ல எம்.ஏ. படிச்சிருக்குது. இதுக்கு மேல என்னத்தக் கேக்கறது?"

ஆத்தாயி சொன்ன இரண்டு பதில்களும் உண்மை. சங்கடம் என்னவென்றால் வாழவந்தி என்ற பெயரில் இரண்டு இருந்தன. ஒன்று காவிரிக்குப் பக்கத்தில், கரும்பும் வெற்றிலையுமாக, மோகனூரை ஒட்டி இருந்தது. இன்னொன்று கொல்லிமலை உச்சியில், பலாவும் சாமையுமாக, மேகத்தை ஒட்டி இருந்தது. மேலே இருப்பவர்களை அரசாங்கம் மலையாளிகள் என்று எழுதியது. மலையை ஆளுகிறவர்கள் என்று அவர்கள் அதற்குப் பொருள் சொல்லிக்கொண்டார்கள். பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்றும் போட்டுக்கொண்டார்கள். அவர்களுடைய தாத்தாக்களும் போட்டிருந்தார்கள்.

அன்றைக்கே அவரைத் திருத்தியிருக்கலாம்தான். ஆனால் சென்னையில் படித்த காலத்தில் ஒவ்வொரு புது குமாஸ்தாவும், "மலையாளியா? கேரளாவுல எந்த ஊரு?" என்று கேட்டு, அவள் விளக்கி விளக்கி அலுத்துப்போயிருந்தாள். இங்கேதான் முதன்முதலாக ஒருவர் ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டார். இரண்டாவது கேள்வி இல்லாதது அவளுக்குச் சுகமாக இருந்தது. வேலையும் அவளுக்கு வேண்டியிருந்தது.

அப்படியே இரண்டு வருஷம் ஓடிப்போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் கவுண்டர் வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். அவர் மனைவி சௌந்திரம் அவளைச் சமையலறைக்குள்ளேயே உட்காரவைத்துப் பரிமாறினாள். பூஜை அறை விளக்கைக்கூடச் சில நாள் அவளைத்தான் ஏற்றச் சொன்னாள்.

எண்பத்தொன்றாம் வருஷம் ஜூன் மாதம், கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் கவுண்டர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மேஜை மேல் அரசாங்க உறை ஒன்று கிடந்தது.

"சேலத்துல இருந்து கேட்டிருக்கறாங்க அம்மிணி. நம்ம ஹாஸ்டல் கட்டறதுக்குக் காசு கொடுத்தப்ப, வருசா வருசம் நாலு எடம் மலையாளிப் பொண்ணுகளுக்கு இலவசமாக் கொடுக்கோணும்னு கண்டிசன் போட்டாங்க. நாமளும் கொடுத்துட்டுத்தான் இருக்கறோம். ஒரு எடம்கூடக் காலியில்ல. ஆனா நம்ம காலேஜில மலைப் பொண்ணு ஒண்ணுகூட டிகிரி வாங்கலையாமா. ஏன்னு ஆராய்ச்சி பண்ணிச் சொல்லோணுமாம்."

"ஆமாங்க, யாரும் வாங்கல" என்றாள் ஆத்தாயி.

அவளுக்கு அது எப்படித் தெரியும் என்று கவுண்டர் கேட்கவில்லை. ஆராய்ச்சிக்காரிக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டார்.

"பெருசா ஒண்ணும் வேண்டாம். மலைப் பொண்ணுக வருதுக, நாலு நாள் இருக்குதுக, ஊட்டு நெனப்பு வந்து ஓடிப்போயிருதுக. இப்பிடி நாலு பக்கம் எழுதிப்போடு. சேலத்து ஆபீசரம்மா வாரப்ப நான் பேசிக்கறேன்."

"பாத்துட்டு எழுதறனுங்க."

"பாக்கறதுக்கு என்ன கெடக்குது? செரி, பாரு. ஆராய்ச்சின்னா சித்தெ நடக்கத்தான வேணும்" என்று சிரித்தார்.

ஆத்தாயிக்கு நடந்து பார்க்காமலேயே தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது. அவளுடைய பக்கத்து ஊர்ப் பெண் ராமாயி, சேந்தமங்கலத்தில் தங்கி பிளஸ் டூ முடித்து, போன வாரம் இதே கல்லூரிக்கு வந்து, இடம் இல்லை என்று திரும்பிப் போயிருந்தாள். மலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போக வழியில்லை. ஹாஸ்டல் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். மாப்பிள்ளை தயாராக இருந்தான். பாக்கி ஹாஸ்டல்தான்.

அன்று சாயங்காலமே ஆத்தாயி ஹாஸ்டலின் பின்கட்டுக்குப் போனாள். கோடை விடுமுறையிலும் சில பெண்கள் தங்கியிருந்தார்கள். மலையாளிப் பெண்களின் அறை எது என்று கேட்டதும் சமையல்காரம்மா கையைக் காட்டினாள். கதவு திறந்திருந்தது. தேங்காயெண்ணெய் வாசம் வந்தது. நீளக் கூந்தலைத் துவட்டிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.

"வரணும் சேச்சி, இரிக்கணும்" என்றாள்.

ஆத்தாயி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பெண்ணின் பெயர் லீலா. அப்பா பாலக்காட்டுக்காரர், சேலம் ரோட்டில் லாரி டயர் கடை வைத்திருந்தார். அவளோடு அறையில் இருந்த பெண்களில் ஒருத்தியின் அப்பா பேக்கரிக்காரர், இன்னொருத்தியின் அம்மா நர்ஸ்.

"இந்த அறை உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"ஆபீஸ்ல கேட்டாங்க, நீங்க மலையாளியான்னு. ஆமான்னு சொன்னோம்." லீலா தட்டில் வாழைக்காய் வறுவலை எடுத்து வைத்தாள். "அப்ப உங்களுக்குத் தனி இடம் இருக்கு, சாப்பாடும் இலவசம்னாங்க. தமிழ்நாட்டுல நமக்கு இவ்வளவு மரியாதையான்னு அப்பாவுக்கே ஆச்சரியம்."

ஆத்தாயிக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. வறுவலைக் கடித்துச் சமாளித்தாள்.

"ஏன் சேச்சி, ஏதாவது தப்பா?"

"உங்க மேல இல்ல" என்றாள் ஆத்தாயி.

"எங்களை வெளிய அனுப்பிருவாங்களா? எனக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு. இலவசம் வேண்டாம்னா அப்பா பணம் கட்டிருவார். கொடுத்ததை வேண்டாம்னு சொல்லத் தோணலை, அவ்வளவுதான்."

ஆத்தாயி, வறுவல் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

சேர்க்கை வேலையைக் கவனித்தவர் முகம்மது ஹனீப். சேலம் கோட்டையிலிருந்து வந்து நாமக்கல்லில் குடியேறியவர். லஞ்சம் வாங்காதவர், தாமதிக்காதவர், தன் வேலையில் பிழை இருக்க முடியும் என்று நினைக்காதவர்.

"பாய், மலையாளி சீட்டை யாருக்குக் கொடுக்கறீங்க?"

"இதென்னம்மா கேள்வி? மலையாளிங்களுக்குத்தான்."

"மலையாளின்னா யாரு?"

ஹனீப் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "ஆத்தாயிம்மா, வெயில்ல சுத்தாதே. மலையாளின்னா மலையாளம் பேசறவங்க. நாயர், மேனன், மாப்ளா. நம்ம டயர் கடை நாயர் பொண்ணு இருக்குல்ல, அது மலையாளி."

"கொல்லிமலையில இருந்து பொண்ணுங்க யாராவது வந்தாங்களா?"

"வருமே. வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு வரும். போன வாரம்கூட ஒண்ணு வந்துச்சு."

"அதை எதுல போட்டீங்க?"

"அப்பன் பேரு என்னமோ கவுண்டர்னு போட்டிருந்தான். கவுண்டரை எதுல போடறது? கவுண்டர் லிஸ்டுலதான் போட்டேன். அது எப்பவோ ரொம்பிப் போச்சு. மோகனூர்க்காரங்க, திருச்செங்கோட்டுக்காரங்க, பரமத்திக்காரங்க எல்லாம் சிபாரிசோட வர்றாங்க. அந்தப் பொண்ணுக்கு யாரு இருக்கா?" சொல்லிக்கொண்டே வந்தவர் மெல்ல நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்த்தார். "ஏன், அவங்க கவுண்டர் இல்லையா?"

"கவுண்டர்தான் பாய். ஆனா மலையாளி."

"மலையாளம் பேசுமா?"

"பேசாது."

"பேசாத மலையாளி, சிபாரிசில்லாத கவுண்டர்." ஹனீப் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "யா அல்லா. இத்தனை வருஷமாவா?"

"இத்தனை வருஷமாத்தான்."

அறிக்கையை எழுத அவளுக்கு ஓர் இரவுகூடத் தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை கவுண்டர் வீட்டுக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போனாள். கவுண்டர் ஊஞ்சலில் உட்கார்ந்து படித்தார். படித்து முடித்ததும் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"நாயரு பொண்ணா மலைவாசி! சௌந்திரம், இங்க வந்து கேளு இந்தக் கூத்தை." சிரிப்பு அடங்கியதும் தாளைத் திருப்பினார். "ஆனா இந்த ரெண்டாவது சமாச்சாரம் சரியில்ல அம்மிணி. மலைக்காரன் எப்பிடிக் கவுண்டர் ஆவான்? கவுண்டர்னு போட்டிருந்தா அது நம்மாளு. இல்லீனா போட்டிருக்கறவன் பொய்க்காரன். ரெண்டுல ஒண்ணுதான்."

"மேலயும் கவுண்டர்னு சொல்லிக்கறாங்க. பழைய பழக்கமுங்க."

"யாரு சொன்னது? கவுண்டர்னு பேரு வெச்ச மலையாளி ஒருத்தனைக் கண்ணுல காட்டு, ஒத்துக்கறேன். காட்ட முடியாதுன்னா அதை எடுத்துப்போடு. நாயரு பொண்ணு சமாச்சாரத்தையும் எடுத்துப்போடு. நம்ம காலேஜ் பஸ்ஸுக்கு அவருதான் டயரு. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

ஒருத்தனைக் காட்டு என்கிறார். காட்ட வேண்டிய ஆள் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்தால் முடிந்தது. ஆத்தாயி வாயைத் திறக்கப் போன நேரத்தில் சௌந்திரம் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"அவரு பேச்சை உடு சாமி. நான் ஒண்ணு கேக்கறேன். என்ற அண்ணன் பையன் ராசப்பன் இருக்கறானில்ல, போர் போடற ரிக் வண்டி வெச்சிருக்கறவன். உன்னை ஆபீசுல பாத்தானாமா. ஊட்டுக்கு வந்து ஒரே பொலம்பல்."

"என்னன்னுங்க?"

"ஆராய்ச்சிக்காரி என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலைன்னு." சௌந்திரம் தோளைக் குலுக்கிச் சிரித்தாள். "அப்பனை ஒருக்கா வரச்சொல்லு. குலம், கூட்டம், கோயிலெல்லாம் அவருகிட்டப் பேசிக்கறோம். இன்னொரு தோசை வெச்சுக்க."

தோசை தட்டில் விழுந்தது. ஆத்தாயி அதைத் தின்றாள். வாழவந்தியில் எந்த வாழவந்தி என்று அந்தச் சமையலறையில் அவள் சொல்லவில்லை. சொல்லாததற்கு ராசப்பன் காரணமில்லை. அவன் முகம்கூட அவளுக்குச் சரியாக நினைவில்லை. அவளைச் சாமி என்று கூப்பிட்டுப் பரிமாறுகிற பெண்பிள்ளை ஒருத்தி கீழ்நாட்டில் இருந்தாள், அவ்வளவுதான்.

சேலத்திலிருந்து அதிகாரியம்மாள் வெள்ளிக்கிழமை வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். கமிட்டி அறையில் கவுண்டர் நடுவில் உட்கார்ந்தார். பக்கத்தில் முதல்வர் அம்மாள், ஓரத்தில் ஹனீப், கடைசி நாற்காலியில் ஆத்தாயி. ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் ராமாயியும் அவள் அப்பாவும் நின்றிருந்தார்கள். ஆத்தாயிதான் வரச்சொல்லியிருந்தாள். அறிக்கையில் ஒரு வரியையும் எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்பது கவுண்டருக்கு அறைக்குள் வந்த பிறகுதான் தெரிந்தது.

அதிகாரியம்மாள் படித்து முடித்துவிட்டு நேராகக் கேட்டார். "கேரளாப் பெண்கள் விஷயம் புரியறது. அது தப்புதான். ஆனா கவுண்டர்னு போட்டிருக்கறவா மலைவாசின்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? நாளைக்கே கீழ இருக்கற கவுண்டர் ஒருத்தர் நானும் மலைவாசின்னு வந்து நின்னா?"

கவுண்டருக்கு மூச்சு வந்தது. "அதானுங்க நானும் சொல்றேன். அம்மிணி படிச்ச பொண்ணு, எழுதிருச்சு. எங்களுக்கு அந்தக் கொழப்பமே வராதுங்க. ஆளைப் பாத்தாலே சொல்லிப்போடுவோம். நடை, பேச்சு, உக்காருற தினுசு. மலைக்காரங்க எங்க ஊட்டு வாசப்படி மிதிக்கறதுக்கு முன்னாலயே தெரிஞ்சு போயிருமுங்க."

"அவ்வளவு நிச்சயமாவா?"

"நூத்துக்கு நூறு."

வேப்ப மரத்தடியில் ராமாயியின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வது தெரிந்தது. போகலாம் என்கிறார் போல. ராமாயி அசையாமல் நின்றாள்.

ஆத்தாயி எழுந்து நின்றாள். "ஐயா, ரெண்டு வருசமா என்னைப் பாத்துட்டு இருக்கறீங்க."

"ஆமா. அதுக்கென்ன அம்மிணி?"

"நான் வாழவந்தி நாடுங்க. மேல இருக்கற வாழவந்தி."

மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றியது. ஹனீப் இருமத் தொடங்கி, பாதியில் அடக்கிக்கொண்டார். முதல்வர் அம்மாள் தன் பேனாவை ஆராய்ந்தார்.

சென்னிமலைக் கவுண்டர் கண்ணை மூடினார். வழக்கமாக ஒரு கணம்தான் மூடுவார். இந்த முறை கொஞ்சம் நீண்டது. அந்த இருட்டுக்குள் என்னென்ன ஓடியதோ, ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் வரிசையாக வந்து போயினவோ, யாருக்கும் தெரியாது. கண்ணைத் திறந்தபோது புன்னகை இருந்தது. ஆனால் அது அதிகாரியம்மாளைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"பாத்தீங்களா மேடம்? மலைப் பொண்ணுக்கு எங்க காலேஜில வேலையே கொடுத்து வெச்சிருக்கறோம். தெரிஞ்சுதானுங்க வெச்சிருக்கறோம். மத்த காலேஜ்க்காரங்க யாராச்சும் செய்வாங்களா? எழுதிக்குங்க."

அதிகாரியம்மாள் உண்மையாகவே அசந்துபோனார். எழுதிக்கொண்டார். அந்த எழுத்து காய்வதற்குள் ஆத்தாயி பேசினாள்.

"வெளிய ஒரு பொண்ணு நிக்குதுங்க மேடம். ராமாயி. அப்பா பேருல கவுண்டர் இருக்குது. ஐயா தெரிஞ்சுதான் என்னை எடுத்தாங்கன்னா, அந்தப் பொண்ணையும் தெரிஞ்சே எடுத்துக்குவாங்க."

கவுண்டர் அவளைப் பார்த்தார். தன் வார்த்தையே திரும்பி வந்து தன் காலைக் கட்டுவதை உணர்கிற அளவுக்கு அவர் விவரமானவர். வயலில் மடை மாறியதும் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்தவர் அதற்குக் குறுக்கே நிற்க மாட்டார்.

"எடுத்தாச்சுன்னே வெச்சுக்குங்க" என்றார்.

"இப்ப இருக்கற கேரளாப் பொண்ணுங்களை நடுவுல வெளிய அனுப்பக்கூடாதுங்க. பணம் கட்டற இடத்துக்கு மாத்திருங்க. தப்பு அவங்களோடது இல்ல."

"என்னோடது" என்றார் ஹனீப் ஓரத்திலிருந்து. யாரும் அவரிடம் கேட்கவில்லை.

கூட்டம் முடிந்தது. ஹனீப் தானே வெளியே போய் ராமாயியைக் கூட்டி வந்து கையெழுத்து வாங்கினார். ராமாயியின் அப்பா, இனி மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று கவலைப்பட்டுக்கொண்டே கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

எல்லோரும் போன பிறகு ஆத்தாயி நாற்காலிகளுக்கு நடுவே தன் தாள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கவுண்டர் கதவருகில் நின்று மேல்துண்டைச் சரிசெய்தார்.

"அந்த அறிக்கைக்கு இன்னொரு பிரதி வேணுமுங்க மேடம். திங்கக்கெழமை கொடுத்தீங்கன்னாப் போதும்" என்றார்.

மேடம். கொடுத்தீங்கன்னா. இரண்டு வருஷம் அம்மிணியாக இருந்தவள் ஒரு மத்தியானத்தில் மேடமாகிவிட்டாள். மரியாதை கூடியிருந்தது. அதில் பிழை சொல்ல யாராலும் முடியாது.

"கொடுத்தர்றனுங்க" என்றாள்.

அவள் வேலை போகவில்லை. போக முடியாது. சேலத்து ஆபீஸின் குறிப்பில் அவள் பெயர் அந்தக் கல்லூரியின் பெருமையாக ஏறியிருந்தது. அறிக்கையை வைத்து மற்ற ஹாஸ்டல்களையும் பார்க்கும்படி உத்தரவு வந்தது. ஆத்தாயி பச்சைமலைக்கும் ஏற்காட்டுக்கும் போய் வந்தாள். கெங்கவல்லியில் ஒரு ஹாஸ்டலில் இதே கூத்து இதே மாதிரி நடந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஹாஸ்டலில் சாப்பிட்டாள். சௌந்திரம் கூப்பிடவும் இல்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. தை மாதம் ராசப்பனுக்குக் கல்யாணம். கல்லூரியில் எல்லோருக்கும் சௌந்திரமே நேரில் வந்து வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்தாள். ஆத்தாயிக்கு வந்தது, தபாலில். முகவரி சரியாக இருந்தது. வாழவந்தி நாடு, கொல்லிமலை.

அடுத்த ஜூனில் சேர்க்கை மறுபடி தொடங்கியது. ஆத்தாயி பக்கத்து அறையில் ஆத்தூர்ப் பக்கத்துக் கணக்குகளை எழுதிக்கொண்டிருந்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஹனீப்பின் குரல் கேட்டது. ஒரு தடவை தவறியவர் இப்போது யாரையும் விடுவதில்லை.

"அப்பா பேரு?"

"பழனியப்பக் கவுண்டருங்க" என்றது ஒரு பெண் குரல்.

"எந்த ஊரு?"

"வாழவந்திங்க."

"மேலயா, கீழயா?"

நாற்காலி ஒன்று பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. கூட வந்திருந்த அப்பாவின் குரல் எழும்பியது. "என்ன பாய் கேட்டீங்க? கீழயாவா? யாரைப் பாத்துக் கீழயான்னு கேக்கறீங்க? மோகனூர்ல வந்து என்ற பேரைச் சொல்லிப் பாருங்க!"

"கோவிச்சுக்காதீங்க. தரையில இருக்கற வாழவந்தியான்னு கேட்டேன்."

"வாழவந்தின்னா ஒண்ணுதான்யா!"

"ரெண்டுங்க" என்றார் ஹனீப் நிதானமாக. "நல்லா விசாரிச்சிட்டேன். ரெண்டு."

தடுப்புக்கு இந்தப் பக்கம் ஆத்தாயி தலையைத் தூக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்து, அடுத்த வரியைத் தொடங்கினாள்.